மூன்று படத்திலும் ஜனவரி ஒன்று

அத்தியாயம் ஆறு

"செத்த மெஷின் கத்தாது" என்றார் மேடம்.

அதை ஒப்புக்கொள்வதுபோல் மேஜைக்கு அடியிலிருந்த கணினி இன்னொரு தடவை கத்தியது. நீளமாக ஒரு பீப், அப்புறம் குட்டைக் குட்டையாக மூன்று. உள்ளே காற்றாடிகள் இரைந்துகொண்டிருந்தன. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது.

"அப்ப என்னதான் சொல்லுது மேடம்?"

"படம் காட்ட வழியில்லைன்னு சொல்லுது. வர்ற வழியில விசாரிச்சுட்டேன். ஒரு நீளம், மூணு குட்டைன்னா கிராபிக்ஸ் கார்டு பக்கம் தகராறு."

"வாய் இருந்தும் பேச முடியலை, பாவம்" என்றேன். சொன்ன மறு விநாடி நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஏனென்றால் அந்த அறையில் கட்டிலில் சாய்ந்திருந்த அந்த வீட்டு அம்மாவுக்குப் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. கை கால்கள் அதற்கும் முன்பே ஓய்ந்துவிட்டன. மிச்சம் இருப்பது இரண்டு கண்கள். அவை என் மேல் திரும்பின. கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. சிரித்திருக்கக்கூட வாய்ப்புண்டு. ஆனால் சிரிப்பதற்கும் முகத்தில் தசை வேண்டுமே.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். மேடம் இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் க்ளெய்ம்களைப் பிடித்தவர். ஓய்வு பெற்றதும் தனியாகத் துப்பறிய ஆரம்பித்தார். நான் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன். அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க முயன்று, தோற்று, அவருக்கே டிரைவராகவும் உதவியாளாகவும் ஆகிவிட்டேன். என்னை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் இருப்பதுபோல் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இல்லாத இடத்தில் எனக்குப் பயம் வரும். அந்த அறையில் வந்தது.

எங்களை வரவழைத்தவர் அந்த அம்மாவின் மகள். தையல் கடை வைத்திருந்தவர், அம்மாவுக்காக அதை மூடிவிட்டவர். சொல்ல வேண்டியதை ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவது தடவைக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அம்மா முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த மேடை என்று ஊருக்கே சொன்ன குரல். நோய் வந்த பிறகு, திரையில் தெரியும் எழுத்துகளைக் கண்ணால் பார்த்தால் கணினி அதைப் பேசும்படி ஏற்பாடு செய்தார்கள். அது தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு குரலில் பேசியது. போன மாதம் மகளுக்குப் பழைய அறிவிப்புப் பதிவுகள் கிடைத்தன. அந்தக் குரலிலேயே பேச வைக்கும் மென்பொருளும் இருந்தது. ஆனால் அதற்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும். பழைய கார்டைக் கழற்றிவிட்டு, திங்கட்கிழமை புதியதை மாட்டினார்கள்.

"மாட்டின உடனே அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?" என்றார் மகள். "'ஏன் எல்லாரும் அழறீங்க, வண்டி லேட்டா?'ன்னு கேட்டாங்க. அவங்க குரல்லயே."

செவ்வாய்க்கிழமை காலையில் திரை கறுப்பு. மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். சரிசெய்தார். புதன் காலையில் கறுப்பு. சரிசெய்தார். வியாழன் காலையிலும் அப்படியே. இன்று வெள்ளி, நான்காவது தடவை. மெக்கானிக் போனை எடுக்கவில்லை.

இன்று மாலை நான்கு மணிக்குப் பராமரிப்பு இல்லத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். அங்கே ஒரு இடம் காலியாகியிருக்கிறது. இல்லத்துக்கு வரச் சம்மதமா, இல்லையா என்று நோயாளியே சொல்ல வேண்டும். சொல்ல முடியாத நிலை என்றால் மூத்த வாரிசு கையெழுத்துப் போடலாம் என்பது அவர்கள் விதி.

மூத்த வாரிசு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேருந்துக் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிறவர். சட்டைப் பையில் பேனா இருந்தது. மகள் அந்தப் பேனாவை வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா போக மாட்டேன்னுதான் சொல்லுவாங்க. அது அண்ணனுக்குத் தெரியும். அதான் பேசவிடாம பண்ணுறான்."

"கார்டையே நான்தானே வாங்கிக் குடுத்தேன்" என்றார் அண்ணன்.

"அதான் சந்தேகமே."

மேடம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "கண்ணைச் சிமிட்டி ஆமா, இல்லைன்னு சொல்ல முடியாதா?"

"இமை இப்பல்லாம் அதுவாவே விழுதுங்க" என்றார் மகன். "இன்னிக்குக் காலைல கேட்டோம். ஆமான்னு நான் சொல்றேன், இல்லைன்னு இவ சொல்றா."

"எழுத்தட்டை?"

"நம்ம எழுத்து இருநூத்து நாப்பத்தேழையும் அட்டையில எழுதிக் காட்டினேன்" என்றார் மகள். "ஒரு மணி நேரத்துல மூணு எழுத்து வந்துச்சு. அதுக்குள்ள அம்மா களைச்சுட்டாங்க. அதுவுமில்லாம நான் படிச்சுச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்களாம். அம்மாகிட்டேர்ந்தே வரணுமாம்."

நான் சும்மா நிற்காமல் மேஜைக்கு அடியில் புகுந்தேன். திரையின் ஒயரை அழுத்திப் பார்த்தேன். கார்டுக்குப் போகும் மின்சார ஒயர் இறுக்கமாகவே இருந்தது. பெட்டியின் பின்னால் இன்னொரு இடத்திலும் திரையின் ஒயர் பொருந்தும் போலிருந்தது. அதில் மாற்றிச் செருகினேன். கறுப்பு இன்னும் கொஞ்சம் கறுத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"அதுல வராதாம்" என்றார் மகன். "இந்த மெஷின்ல கார்டு வழியாதான் படம் வருமாம். வேற ரெண்டு பேரையும் கேட்டுட்டோம். மதர்போர்டையே மாத்தணும், மூணு நாள் ஆகும்னு ஒருத்தர் சொல்றார். கார்டு கோளாறு, கம்பெனிக்கு அனுப்பணும், பத்து நாள் ஆகும்னு இன்னொருத்தர்."

மணி பன்னிரண்டு நாற்பது. மூன்று மணி நேரம் இருபது நிமிஷம் இருந்தது. ஒரு அறையில் ஐந்து பேர் இருந்தும் ஒருவருக்கும் ஒன்றும் செய்யத் தெரியாமல் நிற்பது என்பது என்னவென்று அன்றுதான் பார்த்தேன்.

மேடம் மகளிடம் திரும்பினார். "ராத்திரி இங்க யாரு இருப்பா?"

"நான்தான். அம்மா பக்கத்துல இந்தக் கட்டில்ல. மெஷின் ராத்திரி பூரா ஓடும். ஏதாவது வேணும்னா அம்மா கண்ணால மணி அடிப்பாங்க. பத்து மணிக்கு நல்லாத்தான் இருக்கு. ஆறு மணிக்கு எழுந்தா கறுப்பா இருக்கு. யார் உள்ள வந்தாங்கன்னே எனக்குத் தெரியலை."

"தெரியாத அளவுக்குத் தூக்கமா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டார். "திங்கட்கிழமை அந்தக் காத்தாடிச் சத்தத்துல பொட்டுத் தூக்கம் வரலை. பதினோரு மணி வரைக்கும் புரண்டுட்டே இருந்தேன். அப்புறம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். எனக்கே என் மேல கோபமா இருக்கு."

மேடம் அதை எழுதிக்கொண்டார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. புரியாதபோது வழக்கமாக நான் ஒரு ஜோக் அடிப்பேன். கட்டிலைப் பார்த்துவிட்டு அடிக்கவில்லை.

வாசலில் ஹோம் நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதுக்காரர், வீட்டோடு தங்கி வேலை செய்கிறவர். அவர் கையில் சமையலறைத் தராசு இருந்தது. குழாய் வழியாகக் கொடுக்கும் சத்துமாவை அதில் நிறுத்துப் போடுவாராம்.

"மெக்கானிக் வந்தா என்னம்மா பண்ணுவார்?" என்று அவரிடம் கேட்டார் மேடம்.

"எல்லாரையும் வெளியே போகச் சொல்லுவார் மேடம். அம்மாவை மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டார். கதவைச் சாத்திக்குவார். கால் மணி நேரத்துல சரியாயிடும்."

"கையில என்ன கொண்டுவருவார்?"

"பை. ஸ்க்ரூ டிரைவர். சாப்பாட்டு டப்பா."

"எத்தனை மணிக்கு வருவார்?"

"ஒருநாள் காலைல ஒன்பது, ஒருநாள் சாயங்காலம் நாலரை..."

"சாயங்காலம் நாலரைக்குச் சாப்பாட்டு டப்பா. இங்க உக்காந்து சாப்பிட்டாரா?"

ஹோம் நர்ஸ் யோசித்தார். "இல்லையே. ஒருநாளும் சாப்பிட்டதில்லை."

மேடம் எழுந்துவிட்டார். அவருடைய முழங்கால் வலியையும் மீறி அவர் அப்படி எழுந்தால் நான் சாவியைத் தேட வேண்டும் என்று அர்த்தம்.

*

மெக்கானிக்குக் கடைத்தெருவில் மின்னல் என்று பெயர். வேலையின் வேகத்துக்காக வைத்த பெயர் இல்லை, வந்து மறையும் வேகத்துக்காக வைத்தது. கடையின் ஷட்டர் தரை வரை இறங்கியிருந்தது. பக்கத்துச் சாவிக்கடைக்காரர், "காலைலேர்ந்து தெறக்கலைங்க" என்றார்.

நான் மின்னலின் எண்ணுக்குப் போன் போட்டேன். ஷட்டருக்குப் பின்னாலிருந்து மணி அடித்தது. உடனே நின்றது.

"தம்பி" என்று மேடம் ஷட்டரில் வாயை வைத்துச் சொன்னார். "போலீஸ் இல்லை. சாப்பாட்டு டப்பாவைப் பத்திப் பேச வந்திருக்கோம்."

உள்ளே ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு ஏறியது. மேடத்தின் முழங்கால் அந்த உயரத்துக்குக் குனியாது. நான் இன்னும் கொஞ்சம் தூக்கினேன்.

மின்னலுக்கு நாற்பது வயதிருக்கும். சவரம் செய்யாத முகம். சுற்றிலும் வயிற்றைத் திறந்துபோட்ட கணினிகள். மேஜை மேல் எவர்சில்வர் டப்பா. மேடம் கேட்காமலேயே அதைத் திறந்தார். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் உறையில், உள்ளங்கை நீளத்தில் ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்டு.

"சாம்பார் சாதம் கொஞ்சம் கெட்டியா இருக்கே" என்றேன்.

"அந்த வீட்டுப் பழைய கார்டா?" என்று கேட்டார் மேடம்.

மின்னல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஆமா மேடம். பழைய இரும்புக் கடையில போட்டுட்டேன்னு அக்காகிட்டச் சொன்னேன். வித்துக்கலாம்னு ஒரு ஆசை. அடுத்த நாளே பாத்தா, அது இல்லாம அந்த மெஷினைத் திறக்கவே முடியலை. சொன்ன பொய்யை எப்படித் திரும்ப வாங்கறது? அதான் டப்பால."

"அது இல்லாம ஏன் முடியலை?"

"போர்டு பழசு மேடம். ஆன் பண்ணா அது ரெண்டு விதமா கிளம்பும். பழைய முறை, புது முறை. இந்தச் சின்னக் கார்டு ரெண்டுலயும் படம் காட்டும். பெரிய கார்டு புது முறைல மட்டும்தான் காட்டும். செட்டிங்க்ஸ்ல போய் புது முறைக்கு மாத்தணும். மாத்தறதுக்குத் திரை தெரியணுமே. அதனால சின்னதைச் சொருகி, மாத்தி, சேவ் பண்ணி, கழட்டிட்டுப் பெருசை மாட்டிருவேன். ஜோரா ஓடும்."

"சாவியை வீட்டுக்குள்ள வெச்சுட்டுக் கதவைச் சாத்தின கதை" என்றேன்.

"அதேதான் சார். ஆனா மறுநாள் காலைல பாத்தா அது மறுபடியும் பழைய முறைக்குப் போயிருக்கு. தானா எப்படிப் போகும்? யாராவது மாத்தினாதான் போகும். மாத்தறதுக்குத் திரை வேணும். யாரும் மெஷின் பக்கமே வரலைன்னு அக்கா சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கலை." அவர் குரல் இறங்கியது. "நாலாவது தடவை மேடம். இன்னிக்குச் சாயங்காலம் யார் வர்றாங்கன்னு எனக்கும் தெரியும். நான் கதவைச் சாத்திட்டு வேலை பாக்கும்போது அந்த அம்மா என்னையே பாத்துட்டிருப்பாங்க. பொய்யும் டப்பாவும் அவங்களுக்கு மட்டும் தெரியும். பேச்சு வந்த அப்புறமும் அவங்க யார்கிட்டயும் சொல்லலை. என்னால அந்தக் கண்ணைப் பாக்க முடியலை. அதான் போனை எடுக்கலை."

எனக்கு அவரைத் திட்டலாம் போலவும் இருந்தது, தண்ணீர் வாங்கிக்கொடுக்கலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"என்னென்ன மாத்தினீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்றார் மேடம்.

"எனக்கு மறதி ஜாஸ்தி. அதனால ஒவ்வொரு தடவையும் செட்டிங்க்ஸ் திரையை போன்ல படம் எடுத்து வெச்சுக்குவேன்."

மூன்று படங்கள். செவ்வாய், புதன், வியாழன். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். என் கண்ணுக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தன. நீலத்திரையில் வெள்ளை எழுத்து.

"மாஸ்டர், இந்த மூலையில தேதி என்ன போட்டிருக்கு?"

"ஜனவரி ஒண்ணு."

"அடுத்த படத்துல?"

"ஜனவரி ஒண்ணு. மூணாவதுலயும் அதேதான். வருஷம்கூட எப்பவோ போன வருஷம். தினம் தினம் புத்தாண்டு கொண்டாடுற மெஷின் போல."

மின்னல் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "பேட்டரி" என்றார் மெதுவாக. "போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும் மேடம். கரண்ட் இல்லாதப்ப தேதியையும் செட்டிங்க்ஸையும் அதுதான் காப்பாத்தும். அது செத்திருக்கு. கரண்ட்டு போனா எல்லாம் மறந்துபோயி பழைய முறைக்கே திரும்பிடும். பழைய கார்டு இருந்தவரைக்கும் ரெண்டு முறைலயும் படம் வந்ததால யாருக்கும் தெரியலை. அடச்சே, நான் மட்டும் ஒழுங்கா ப்ளக்கைப் புடுங்கிட்டு வேலை பாத்திருந்தா, என் கண்ணு முன்னாலயே மறந்திருக்கும். அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"ஏன் புடுங்கலை?"

"அந்தச் சுவிட்ச் போர்டுலதான் அம்மாவோட காத்துப் படுக்கைக்கும் கரண்ட் போகுது. அதைத் தொடவே கூடாதுன்னு அக்கா முதல் நாளே சொல்லிட்டாங்க. பயத்துல நான் பட்டனை அமுக்கி அணைச்சுட்டு, ப்ளக்கோடயே வேலையை முடிச்சிருவேன். தப்புதான்."

"நல்ல தப்பு" என்றார் மேடம். "புடுங்கியிருந்தா இந்தக் கடிகாரம் திரும்பப் பூஜ்யத்துக்குப் போயிருக்கும். இப்ப அது எனக்கு ஒரு சாட்சி. கரண்ட் வந்த நிமிஷத்துலேர்ந்து பூஜ்யத்துல ஆரம்பிச்சு எண்ணிட்டு வருது. மாஸ்டர், எழுதுங்க. செவ்வாய் படம் எடுத்தது காலைல பதினொண்ணு பத்துக்கு. திரையில மணி அஞ்சு நாப்பது."

கழித்தேன். "அஞ்சரை."

"புதன், சாயங்காலம் நாலே முக்கால். திரையில பதினொண்ணு பதினேழு."

"அஞ்சு இருபத்தெட்டு."

"வியாழன், ஒன்பது இருபது. திரையில மூணு நாப்பத்தொன்பது."

"அஞ்சு முப்பத்தொண்ணு."

பென்சிலை வைத்தேன். அந்த வீட்டில் தினமும் காலை ஐந்தரைக்கு யாரோ ஒருவர் அந்தச் சுவிட்சைப் போட்டிருக்கிறார். போட்டிருக்கிறார் என்றால், அதற்கு முன்னால் அணைத்தும் இருக்கிறார். மகன் அந்த வீட்டில் தங்குவதே இல்லை. மகள் ஆறு மணி வரை தூங்குகிறார்.

"அஞ்சரைக்கு அந்த அம்மாவுக்கு முதல் சாப்பாடு" என்றார் மேடம். "கட்டில் தலைமாட்டுல அட்டவணை ஒட்டியிருந்துது."

*

திரும்பி வந்தபோது மணி மூன்று. மின்னல் முதலில் மகளிடம் போய் டப்பாவைத் திறந்து காட்டினார். மன்னிப்பும் கேட்டார். மகள் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. "சரியாகுமா?" என்று மட்டும் கேட்டார்.

காசு பேட்டரி வாங்க மறந்துவிட்டோம் என்பது அப்போதுதான் என் மூளையில் பட்டது. இப்படித்தான் நான், முக்கியமான இடத்தில் இண்டிகேட்டர் போட மறந்துவிடுவேன். மேடம் சமையலறைக்குப் போய், சத்துமா நிறுக்கும் தராசைக் கவிழ்த்து, அதன் வயிற்றிலிருந்த பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதே அளவுதான்.

அவர் பேட்டரியைக் கழற்றியபோது ஹோம் நர்ஸ் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். மேடம் தணிந்த குரலில் பேசியது, பின்னாலேயே போயிருந்த எனக்கு மட்டும் கேட்டது.

"தினமும் பத்து, பதினோரு மணிக்கு அணைச்சுட்டு, அஞ்சரைக்குப் போடறீங்க. சரியா?"

ஹோம் நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது. "போட்டுடறேனே மேடம். அக்கா எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே போட்டுடறேன். சுவிட்சை அணைச்சுப் போட்டா மெஷின் கெட்டுப்போகுமா? வீட்டுல எல்லாத்தையும் அப்படித்தானே பண்றோம்."

"யார் அணைக்கச் சொன்னா? அவங்க அண்ணனா?"

அவர் வாயைத் திறந்தார். அறைப் பக்கம் பார்த்தார். மூடிக்கொண்டார். "அதை நான் சொல்லக் கூடாது மேடம். எதுவா இருந்தாலும் அம்மாகிட்டயே கேளுங்க."

மின்னல் இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. கணினியின் ப்ளக்கை மட்டும் பிடுங்கினார். பேட்டரியை மாற்றினார். சின்னக் கார்டைச் சொருகினார். திரையில் நீலம் வந்தது. தேதி ஜனவரி ஒன்றுதான். அதை இன்றைய தேதிக்கு மாற்றினார். முறையை மாற்றினார். சேவ். சின்னதைக் கழற்றிப் பெரியதை மாட்டினார். பட்டனை அழுத்தினார்.

ஒரு பீப். குட்டையாக, ஒன்றே ஒன்று.

அப்புறம் திரையில் எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. அந்த அம்மாவின் கண்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். பெரிய கார்டின் காற்றாடி எழும்பி அறை முழுவதும் இரையத் தொடங்கியது. பேச வேண்டுமென்றால் கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

மணி மூன்று ஐம்பது. மகள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணனைப் பார்த்து, "இப்ப கேப்போம், இப்ப கேப்போம்" என்றார். அண்ணன் தலையாட்டினார். அவர் முகத்தில் தோற்றவரின் களை இல்லை என்பதை நான் கவனித்தேன், ஆனால் அதன் பொருள் எனக்கு எட்டவில்லை.

நான்கு மணிக்கு இல்லத்திலிருந்து ஒரு பெண்மணியும் ஒரு டாக்டரும் வந்தார்கள். பெண்மணி படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் நோயாளிக்குச் சொல்லித் தரக் கூடாது என்றார். எல்லோரும் சுவரோரமாக நின்றோம்.

அவர் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அம்மா எழுத ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு எழுத்தாகக் கண் நகர்ந்தது. ஒரு வரி முடிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் அந்தக் குரல் வந்தது. கணீரென்று, ஒரு சொல்லும் மற்றதில் இடிக்காமல், நடைமேடை முழுவதும் கேட்கிற குரல்.

"சுவிட்சை அணைக்கச் சொன்னது நான்."

மகள் திரும்பி ஹோம் நர்ஸைப் பார்த்தார். அவர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். "நீங்க புரண்டு புரண்டு படுத்தீங்க அக்கா. அம்மா உங்களைப் பாத்தாங்க, சுவிட்சைப் பாத்தாங்க. உங்களைப் பாத்தாங்க, சுவிட்சைப் பாத்தாங்க. அணைச்சேன். நீங்க தூங்கிட்டீங்க. சொல்லக் கூடாதுன்னும் கண்ணாலயே சொன்னாங்க."

"ஏம்மா?" என்றார் மகள். "அணைச்சுட்டா எப்படிம்மா என்னைக் கூப்பிடுவீங்க?"

மறுபடியும் ஒரு நிமிஷம்.

"கூப்பிட வேண்டாம்னுதான்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினொன்றிலிருந்து ஐந்தரை வரை ஆறரை மணி நேரம். மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்தாலும், தொண்டையில் எச்சில் நின்றாலும் சொல்வதற்கு வழியில்லாமல், பக்கத்துக் கட்டிலில் மகள் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டு அந்த அம்மா விழித்திருந்திருக்கிறார். மறுநாள் பகலிலும் பேச்சு போகும் என்று அவருக்குத் தெரியாது. சுவிட்சுதான் காரணம் என்று, பேட்டரியை மாற்றும்போது மின்னல் சொல்லித்தான் தெரிந்திருக்கும். மேடம் பக்கம் பார்த்தேன். அவர் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லத்துப் பெண்மணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, எங்க இல்லத்துக்கு வர உங்களுக்குச் சம்மதமா?"

கண்கள் நகர்ந்தன. மகள் உதட்டை அசைத்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தையும் படித்தார். முதல் எழுத்து வந்தது. இரண்டாவது வந்தபோது அவர் உதடு நின்றுவிட்டது.

"வர்றேன்" என்றது அந்தக் குரல்.

"இல்லைம்மா" என்றார் மகள். "இல்லை, சத்தம்தானே? சத்தம் போடாத கார்டு வாங்கிக்கலாம்மா. பெட்டியை வெளியே வெச்சுட்டு நீளமா ஒயர் இழுத்துக்கலாம். இருக்குல்ல?" என்று மின்னலிடம் கேட்டார். மின்னல், "இருக்குக்கா, பண்ணலாம்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை இரண்டு நிமிஷம் ஆயிற்று. காற்றாடி மட்டும் இரைந்தது.

"கார்டுக்கு மாத்து இருக்கு. உனக்கு மாத்து இல்லை. கடையைத் திற."

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார். "போன மாசம், இவ குளிக்கப் போயிருந்தப்ப, அந்தத் தகரக் குரல்ல எங்கிட்டச் சொன்னாங்க. 'நானே அவகிட்டச் சொல்லணும், நீ சொன்னா நம்ப மாட்டா, அதுக்கு என் குரல் வேணும்'னு கேட்டாங்க. அதுக்குத்தான் கார்டு வாங்கினேன். குரல் வந்தப்புறமும் இவ முகத்தைப் பாத்துச் சொல்ல மனசு வரலை போல."

படிவத்தில் மூத்த வாரிசின் கையெழுத்து தேவைப்படவில்லை. பேனா சட்டைப் பையிலேயே இருந்தது.

நாங்கள் கிளம்பும்போது மேடம் கட்டிலருகே போய் நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தராசை எடுத்து ஹோம் நர்ஸிடம் கொடுத்து, "பேட்டரி ஒண்ணு வாங்கிப் போட்டுக்கங்கம்மா" என்றார்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் அறிக்கைத் தாளை எடுத்தேன். அம்மாவைப் பேசவிடாமல் செய்தது யார் என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லித்தான் மகள் எங்களை அழைத்திருந்தார். 'காரணமானவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லா வழக்கிலும் அதை நிரப்புவதுதான் எனக்குப் பிடித்த வேலை.

"என்ன எழுதறது மேடம்?"

அவர் அந்த வீட்டின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"பேட்டரின்னு எழுதுங்க மாஸ்டர். வேற எதுவும் வேண்டாம்."

எழுதினேன். சாவியைத் திருப்பினேன். இருபது வருஷம் ஊருக்கே க்ளட்ச் சொல்லிக்கொடுத்தவன், முதல் கியரிலேயே வண்டியை நிறுத்திவிட்டேன். திரும்பவும் சாவியைத் திருப்புவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.